ஓட்டம் நின்ற பிறகு



இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்துவிட்டால் திருகோணமலை நகரின் முகமே மாறிவிடும். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் பாடசாலை வளவுகளிலும் வெள்ளைக் கோடுகள் தோன்றும். இல்லங்களைச் சோடிப்பார்கள். வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி தாய்மார் வேலியோரம் நிற்பார்கள். பிள்ளை முதலாவதாக வந்துவிட்டால் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறும். இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பத்திரத்தோடும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் இந்தச் சான்றிதழ்களையும் பையில் போட்டுக்கொண்டு ஓடிய குடும்பங்கள் எமது மாவட்டத்தில் உண்டு.

ஆனால் இருபது, முப்பது வருடங்களுக்கு முன் அதே கோடுகளில் ஓடிய பெண்கள் இப்போது எங்கே? அவர்களில் எத்தனை பேரை எமக்குத் தெரியும்? ஓடும்போது கைதட்டிய ஊர், ஓட்டம் நின்றபின் அவர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? இந்த மாதம் இதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். விளையாட்டுச் செய்தி எமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு காலம் முடிந்து இன்னொரு காலத்தைத் தொடங்க வேண்டியவர்களின் கதை இது. எம்மில் பலருக்கும் அந்த நிலைமை புதியதல்ல.

பிரேக் இல்லாத வண்டிகள்

எமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். அதன் பெயர் ஸ்பீட்வே. மண் தடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் போட்டி அது. 1920களில் அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, 1928இல் இங்கிலாந்துக்கு வந்து, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. ஒரு தடவையில் நான்கு பேர், நான்கு சுற்று. வண்டிக்கு ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. வளைவு வரும்போது வேகத்தைக் குறைக்காமல், பின்சில்லை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு திரும்புவார்கள். ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சிலருடைய விளையாட்டு வாழ்க்கையும் அப்படித்தான், ஒரு நொடியில் முடிந்துவிடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த எரிக் குண்டர்சன் 1984, 1985, 1988 ஆகிய மூன்று வருடங்களில் உலகச் சம்பியன். 1989இல் இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரில் நடந்த உலக அணிக் கிண்ண இறுதிப் போட்டியில் விழுந்து உயிருக்குப் போராடினார். பிழைத்தெழுந்து குழந்தைபோல நடக்கப் பழகினார். மீண்டும் போட்டியில் ஓட முடியவில்லை. ஆனால் பின்னாளில் தன் நாட்டு அணியின் முகாமையாளராக அதே மைதானங்களுக்குத் திரும்பினார். 1990இல் உலகச் சம்பியனான சுவீடன் நாட்டவர் பெர் யோன்சன், 1994இல் போலந்தில் நடந்த விபத்தின்பின் சக்கர நாற்காலிக்கு வந்தார். அவர் ஓடிய கழகம் இருக்கும் தோருன் நகரத்து மக்கள் அவரைக் கைவிடவில்லை. அந்த நகரின் புதிய ஸ்பீட்வே அரங்கு அமைந்துள்ள வீதிக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் காயமடைந்த ஸ்பீட்வே ஓட்டுநர்களுக்கென்று ஒரு நல நிதியம் இருக்கிறது. போட்டி நாட்களில் ரசிகர்களிடம் வாளி ஏந்திச் சில்லறை சேர்ப்பார்கள். ஓய்வுபெற்ற ஓட்டுநர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. விழுந்தவரை விளையாட்டுக் குடும்பமே தாங்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே உருவாகியிருக்கிறது. பிரேக் இல்லாத வண்டியில் ஏறுகிற எவருக்கும், நாளை விழப்போவது தானாகவும் இருக்கலாம் என்று தெரியும்.

இதே விளையாட்டில் பெண்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் 1904இல் பிறந்த பே டெய்லர் என்ற பெண் 1928இல் ஸ்பீட்வேயில் இறங்கி ஆண்களோடு சமமாக ஓடினார். 1929இல் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் அங்கிருந்த பேர்பெற்ற ஓட்டுநர்களை வென்றார். 1930இல், இன்னொரு பெண் விழுந்து காயப்பட்டதைக் காரணம் காட்டி, பிரித்தானியாவில் பெண்கள் ஸ்பீட்வே ஓடுவதற்கே தடை போட்டார்கள். ஆண்கள் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கார் ஓட்டப் போட்டிகளுக்கு மாறி 1950கள் வரை ஓடினார். இடையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பாசிசச் சார்புக்காக 1940 முதல் 1943 வரை தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அவருடைய அந்த அரசியல் எமக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் அவர் எந்தத் தவறும் செய்யாத ஓர் இடத்தில், பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார் என்பது உண்மை.

அதற்கு 76 வருடங்களுக்குப் பிறகு, "நீ பெண்ணே இல்லை" என்று சொல்லி இன்னொருவரைத் தடத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அவர் எமது மொழி பேசுகிறவர்.

கத்தக்குறிச்சியிலிருந்து கொழும்புக்கு

சாந்தி சௌந்தரராஜன் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்ற ஊரைச் சேர்ந்தவர். 1981இல் பிறந்தவர். தாயும் தகப்பனும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தவர்கள். தலித் குடும்பம், சிறிய குடிசை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பெற்றோர் வேலைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்ப்பது அவர் பொறுப்பு. சத்தான சாப்பாடு கிடைக்காத பிள்ளைப்பருவம். அவருடைய பாட்டனார்தான் வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தார். பாடசாலைப் போட்டிகளில் வென்று, ஓட்டத்தின் பயனாகவே கல்லூரிக்குப் போனார்.

2005இல் தென்கொரியாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்த வருடம் எமது நாட்டுக்கே வந்தார். 2006 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த 10ஆவது தெற்காசிய விளையாட்டு விழாவில் 1500 மீற்றரில் தங்கம் வென்றார்.

2006 ஓகஸ்ட் என்றதும் எமக்கு ஞாபகம் வருவது வேறு. மாவிலாறு, மூதூர், சம்பூர். கொழும்பில் பதக்க மேடை போட்ட அதே மாதத்தில், எமது மாவட்டத்துப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லுக்கும் விமானத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டத்துக்கு யாரும் நேரம் குறிக்கவில்லை. பதக்கமும் இல்லை. சம்பூர் மக்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்ப 2015, 2016 ஆகிவிட்டது. ஒரு தமிழ்ப் பெண் இந்தத் தீவில் ஓடித் தங்கம் வென்ற செய்தி அப்போது எமது காதில் விழவேயில்லை. இப்போதாவது அதைத் தெரிந்துகொள்வோம்.

நான்கு மாதம் கழித்து, 2006 டிசெம்பரில், கட்டார் நாட்டின் டோஹாவில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. 800 மீற்றர் இறுதிப் போட்டியில் சாந்தி 2 நிமிடம் 3.16 செக்கனில் ஓடி இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவரை மயிரிழையில் முந்தி வெள்ளிப் பதக்கம் பெற்றார். குடிசையிலிருந்து வந்த பெண் ஆசியாவின் மேடையில் நின்றார்.

பறிக்கப்பட்ட பதக்கம்

பதக்கம் பெற்ற பிறகு அவரை ஒரு பரிசோதனைக்கு அழைத்துப்போனார்கள். வைத்தியர்கள் பலர் அவருடைய உடலைப் பார்த்தார்கள். என்ன பரிசோதனை என்று அவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. சில நாட்களில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று செய்தி வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. இனி ஓட முடியாது என்றார்கள். தன் உடலைப் பற்றித் தானே முழுதாக அறியாத விடயத்தை, தொலைக்காட்சியில் பார்த்து ஊர் உலகமெல்லாம் பேசியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாந்தி ஊக்கமருந்து எதுவும் எடுக்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பிறந்த உடலோடு ஓடினார். மனித உடல்களில் இயற்கையாகவே பல வேறுபாடுகள் உண்டு. சிலருக்கு ஓமோன்களோ நிறமூர்த்தங்களோ வழமையிலிருந்து சற்று வேறுபட்டிருக்கும். அது நோயும் அல்ல, குற்றமும் அல்ல.

இது அவருக்கு மட்டும் நடந்ததுமல்ல. ஸ்பெயின் நாட்டு வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ 1985இல் இதே காரணத்தால் விலக்கப்பட்டார். விடாமல் வாதாடி 1988இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். ஒடிசாவைச் சேர்ந்த டுட்டீ சந்த் 2014இல் தடுக்கப்பட்டார். அவர் சுவிற்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த மன்றம் அந்த விதியை இடைநிறுத்தியது. 2018 ஆசிய விளையாட்டு விழாவில் அவர் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். அவருக்காகப் பேசச் சட்டத்தரணிகளும் ஆய்வாளர்களும் இருந்தார்கள். 2006இல் சாந்திக்குப் பக்கத்தில் அப்படி யாரும் நிற்கவில்லை.

விவாதம் இன்னும் முடியவில்லை. உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 2025 செப்டெம்பர் முதல், பெண்கள் பிரிவில் உலகத் தரப் போட்டிகளில் ஓட விரும்புகிறவர்களுக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போட்டி எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி உண்மையான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடும்போது ஒரு பெண்ணின் உடலைத் தெருவில் விரித்துப்போட யாருக்கும் உரிமை இல்லை. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற எமக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சூளையிலிருந்து மைதானத்துக்கு

அப்போதைய தமிழ்நாடு முதலமைச்சர் கருணாநிதி, பதக்கம் பறிபோனது தெரிந்த பிறகும், அறிவித்த பரிசான 15 இலட்சம் ரூபாவைச் சாந்திக்கு வழங்கினார். ஆனால் பணத்தால் ஊர்வாயை மூட முடியவில்லை. மனமுடைந்து 2007இல் அவர் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார்.

(வாசகிகளே, இப்படியான எண்ணம் உங்களுக்கோ உங்கள் அயலில் ஒருவருக்கோ வந்தால் தனியே வைத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. எந்த நேரமும் பேசலாம்.)

பிழைத்தெழுந்த சாந்தி செய்த முதல் வேலை, பிள்ளைகளைச் சேர்த்து ஓடப் பழக்கியதுதான். புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பரிசுப் பணத்தில் ஒரு பகுதி இவர்களுக்காகச் செலவானது. அவருடைய மாணவர்கள் சென்னையில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் பரிசு வாங்கினார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது மாதம் சில ஆயிரம் ரூபா ஒப்பந்தச் சம்பளம். அது நிரந்தரமும் இல்லை, குடும்பத்துக்குப் போதவும் இல்லை. அதை விட்டுவிட்டுப் பெற்றோர் வேலை செய்த அதே செங்கல் சூளைக்கே திரும்பினார். 2012இல் பத்திரிகையாளர்கள் அவரைத் தேடிப் போனபோது, நாளொன்றுக்குச் சுமார் 200 இந்திய ரூபா கூலிக்கு அவர் கல் அறுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செய்தி வெளிவந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. பெங்களூரில் இந்திய விளையாட்டு அதிகார சபையின் பயிற்றுநர் டிப்ளோமா படிக்க 2013இல் அவருக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்தார். 2016இன் இறுதியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு நிரந்தரப் பயிற்றுநர் பதவி கிடைத்தது. டோஹாவிலிருந்து அந்த நாள் வரை பத்து வருடங்கள். பதக்கம் திரும்பவில்லை. ஆனால் சம்பளமும் மரியாதையும் உள்ள ஒரு வேலையோடு, அவர் மைதானத்துக்குத் திரும்பினார்.

எங்கள் குழுவில் பேசியவை

எமது பெண்கள் சேமிப்புக் குழுவின் மாதக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். கணக்கு வழக்கு முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: "பதக்கத்தைப் பறிக்கலாம் தங்கச்சி. ஓடின காலைப் பறிக்க ஏலாதுதானே."

இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த ஓர் அக்கா, எப்போதும் குறைவாகப் பேசுகிறவர், அன்று வாய் திறந்தார். "நானும் பள்ளிக்கூடத்தில எண்ணூறு மீற்றர் ஓடினனான். மாவட்டத்தில ரெண்டாவது வந்தனான். சேட்டிபிக்கெட் எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. நான் ஓடினது என்ர பிள்ளையளுக்கே தெரியாது." ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அதுக்குப் பிறகு நடந்ததுகளுக்குள்ள அதைச் சொல்ல எங்க நேரம்?" என்றார்.

புனர்வாழ்வு முடித்து வந்து பல வருடங்களான ஒரு தங்கச்சி அடுத்ததாகச் சொன்னதும் என் மனதில் நிற்கிறது. "அக்காவை ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. என்னை எல்லாருக்கும் ஞாபகம். ஆனா அந்த ஒண்டை மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கினம். நான் இப்ப தைக்கிறன், மாடு வளக்கிறன், மகள் படிக்கிறாள். அதை ஒருத்தரும் கேக்கிறதில்லை."

இவர்கள் இருவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் சாந்தியின் கதை விளங்கும். ஒருவரை முற்றாக மறந்துவிடுவது ஒரு வகைக் கொடுமை. அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு, மற்ற நாட்களை எல்லாம் அழித்துவிடுவது இன்னொரு வகை. உலகம் சாந்தியை ஒரு பரிசோதனையால் நினைவு வைத்திருக்கிறது. அவர் ஓடிய தூரத்தையும், பழக்கிய பிள்ளைகளையும், படித்து வாங்கிய டிப்ளோமாவையும் கேட்பவர்கள் குறைவு. எம்மையும் அப்படித்தான் "விதவை", "காணாமல் போனவரின் மனைவி", "முன்னாள்" என்று ஒரு சொல்லுக்குள் அடைக்கிறார்கள். அந்தச் சொல் பொய்யல்ல. ஆனால் அது முழு ஆளுமல்ல.

எமது தீவில்

இலங்கை இதுவரை ஒலிம்பிக்கில் வென்ற பதக்கங்கள் இரண்டே இரண்டு. 1948இல் லண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்ட பிறகு, 2009இல் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கிராமத்து ஏழை வீட்டிலிருந்து வந்து நாட்டுக்கே பெருமை தேடித்தந்த அந்தப் பெண், சிட்னிக்குப் பல வருடங்களின் பின் பணக் கஷ்டத்தால் தன் பதக்கத்தை விற்கப்போவதாகப் பகிரங்கமாகச் சொல்ல நேர்ந்தது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கே இந்த நிலை என்றால், மாவட்டப் போட்டியில் ஓடியவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மறுபுறத்தில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இருக்கிறார். யாழ்ப்பாணம் பெரியவிளானில் 1934இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேண் ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். பாய்ச்சல் நின்ற பின் அவருடைய வாழ்க்கை நிற்கவில்லை. அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளில் கற்பித்தார். பிற்காலத்தில் வடக்குக் கிழக்கில் பிள்ளைகளின் கல்விக்கும் விளையாட்டுக்கும் உழைத்தார். 2024இல் காலமானார். பாய்ந்தது சில வருடங்கள். படிப்பித்ததும் பழக்கியதும் பல பத்து வருடங்கள்.

இவருக்கும் சுசந்திகாவுக்கும் சாந்திக்கும் இடையே உள்ள வித்தியாசம் திறமையில் இல்லை. ஒருவருக்கு விளையாட்டோடு படிப்பும் கிடைத்தது. ஆகவே உடல் ஓய்ந்தபோது கையில் இன்னொரு தொழில் இருந்தது. சாந்திக்கு அந்தப் படிப்பு முப்பது வயதைக் கடந்த பிறகுதான் கிடைத்தது. கிடைத்ததும் அவருடைய வாழ்க்கை மாறியது. எமது மகள்மாரை ஓடவிடும்போது இதை மறக்கக் கூடாது. ஓட வேண்டாம் என்று தடுக்க வேண்டியதில்லை. ஓடட்டும். ஆனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓடச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய நிதியமோ பெரிய மண்டபமோ தேவையில்லாத சில காரியங்களை எமது குழுவில் பேசி முடிவெடுத்தோம். உங்கள் கிராமத்திலும் முயன்று பார்க்கலாம்.

முதலாவது, கேட்பது. உங்கள் அயலில் உள்ள நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடம் "பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்ன விளையாடினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வலைப்பந்து ஆடியவர், ஈட்டி எறிந்தவர், கடலில் நீந்திப் பழகியவர் என்று எத்தனையோ பேர் வெளியே வருவார்கள். தாயிடம் மகள் கேட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, அழைப்பது. அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழைய மாணவி ஒருவரைப் பரிசு வழங்க அழைக்கும்படி அதிபரிடம் மாதர் சங்கத்தின் மூலம் கேட்கலாம். உத்தியோகத்தர்களும் பிரமுகர்களும் வரட்டும். அவர்களோடு, அதே கோட்டில் ஒருகாலம் ஓடிய ஒரு தாயும் மேடையில் நிற்கட்டும்.

மூன்றாவது, பழக்குவது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். மாவட்டச் செயலகத்திலும் இருக்கிறார். பயிற்றுநர் வகுப்புகள் எப்போது நடக்கின்றன, யார் விண்ணப்பிக்கலாம் என்று நேரில் போய்க் கேளுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரோடு போகலாம். பெண் பிள்ளைகளைப் பழக்கப் பெண் பயிற்றுநர் இருந்தால் பெற்றோரும் பயமில்லாமல் அனுப்புவார்கள். சான்றிதழ் எரிந்து போயிருந்தால் பாடசாலைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நான்காவது, தாங்குவது. எமது ஊர்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, சேமிப்புக் குழு இருக்கிறது. வாளி ஏந்திச் சில்லறை சேர்த்து விழுந்தவரைத் தாங்கும் வழக்கம் எமக்கும் புதியதல்ல. அதே முறையில், விளையாடிக் கால் முறிந்த பிள்ளைக்கோ, மாகாணப் போட்டிக்குப் போகப் பஸ் காசில்லாத பிள்ளைக்கோ மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். எங்கள் குழு அதைத் தொடங்கிவிட்டது.

ஐந்தாவது, வாயைக் கட்டுவது. ஒரு பெண் பிள்ளை மற்றவர்களைவிட உயரமாக இருந்தால், குரல் கனமாக இருந்தால், வேகமாக ஓடினால், "இது பொம்பிளையா ஆம்பிளையா?" என்று பகிடி பண்ணும் பழக்கம் எங்கள் ஊர்களிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் ஆறடிக்கு மேல் உயர்ந்து வளர்ந்தவர். அந்த உயரத்தோடுதான் இலங்கை வலைப்பந்து அணியில் பல வருடங்கள் ஆடி, ஆசியாவை வென்ற அணிகளில் இருந்தார். பகிடிக்குப் பயந்து அவர் வீட்டுக்குள் இருந்திருந்தால் நாட்டுக்கு அந்த வெற்றிகள் கிடைத்திருக்குமா? ஒரு பிள்ளையின் உடலைப் பற்றி நாம் விளையாட்டாகச் சொல்லும் சொல்லை அந்தப் பிள்ளை எத்தனை வருடம் சுமக்கும் என்று எமக்குத் தெரியாது.

இடியப்பம் விற்கும் அந்த அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். குழுவில் இருந்தவர்கள் விடவில்லை. இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் கிராமத்துச் சிறுமிகள் ஏழெட்டுப் பேருக்கு அவர் மூச்சு விடும் முறையும், கடைசி இருநூறு மீற்றருக்குப் பலத்தை மிச்சம் வைக்கும் விதமும் சொல்லிக்கொடுக்கிறார். காலில் செருப்பில்லாமல், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டுதான் நிற்கிறார். பெற்றோரிடம் சிறு கட்டணம் வாங்கலாமா என்று தயங்கினார். வாங்கத்தான் வேண்டும் என்று குழு தீர்மானித்தது. அவருடைய அறிவுக்கு ஒரு விலை உண்டு. பிள்ளைக்கு மாதம் நூறு ரூபா என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதி வைத்தோம்.